டிஜிட்டல் ஸ்கை வரைபடம்: சேலம் விமான நிலையத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ட்ரோன் பறக்கவிட நினைக்கும் எவரும் முதலில் பார்த்தாக வேண்டியது, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2021 செப்டம்பரில் டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசின் ட்ரோன் இணையதளத்தில் வெளியிட்ட வான்வெளி வரைபடம். நாட்டைப் பச்சை (அனுமதி வேண்டாம்), மஞ்சள் (முன் அனுமதி வேண்டும்), சிவப்பு (மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது) எனப் பிரித்துக் காட்டுவதால், தன் வயல் எந்த நிறத்தில் விழுகிறது என்பதை ஒரு விவசாயியே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விமான நிலையங்களைச் சுற்றி முன்பு 45 கி.மீ. வரை நீண்டிருந்த மஞ்சள் வளையம் 12 கி.மீ. ஆகச் சுருங்கியதும் அதே ஆண்டின் ட்ரோன் விதிகளால்தான். வரைபடத்தின் தெளிவுக்கு ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுக்கலாம். அது காட்டும் விதிக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

காரணம், சென்னைக்கும் சேலத்துக்கும் ஒரே அளவுகோல் என்பதே. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குக் கீழே தடையில்லை. 5 முதல் 8 கி.மீ. வரை தரைமட்டத்திலிருந்தே மஞ்சள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். காமலாபுரத்தில் 1993-இல் திறக்கப்பட்ட சேலம் விமான நிலையத்தில் பயணிகள் சேவை பலமுறை நின்று, சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் கீழ் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. இன்றும் ஒரு நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களே வந்து போகின்றன. வானம் காலியாக இருக்கும் மற்ற நேரமெல்லாம் அந்த வளையம் அப்படியே நிற்கிறது.

மரவள்ளிக்கும் நெல்லுக்கும் மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், பக்கத்துத் தென்னையின் பாதி உயரத்தைக்கூட எட்டாமல் பறக்கிறது. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானமோ, ஓடுபாதையிலிருந்து 6 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதுவும் ஓடுபாதையின் நேர்கோட்டில் மட்டுமே. வட்டமடித்து இறங்கும் விமானத்தையும், தாழ்வாக வரும் ஹெலிகாப்டரையும் கருதி எச்சரிக்கை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிலையத்தை ஒரு புள்ளியாகக் கொண்டாலே சுமார் 120 சதுர கி.மீ. வரும் அந்த 5 முதல் 8 கி.மீ. வளையம் முழுவதிலும் பூச்சிமருந்துத் தெளிப்பையும் 120 மீட்டர் உயரத்துக் கல்யாண வீடியோவையும் ஒன்றாக எண்ணுவது எந்த வகைப் பாதுகாப்பு? 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கத் திட்டமிட்ட அரசே இதை யோசித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் விமான நிலையச் சுற்றுப்புறத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 50 அடி, 100 அடி எனத் தனித்தனி உச்சவரம்பு குறித்திருக்கிறார்கள். அதற்குள் பறக்க விண்ணப்பித்தால் லான்ஸ் என்னும் அமைப்பு பெரும்பாலும் சில நொடிகளில் அனுமதி தந்துவிடுகிறது. சேலம், தூத்துக்குடி போன்ற நிலையங்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அதுவரை பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கு விமானி உரிமம் தேவையில்லை என்றாலும் மஞ்சள் பகுதி அனுமதி அதற்கும் உண்டு. வரைபடம் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் பறக்கும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்; விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.