கேழ்வரகுப் புரதமா, பி.டி. மருந்தா: எந்தப் பூச்சிக்கு எது?

சிங்கப்பூரின் சமூகத் தோட்டங்களில் ஒரு கேள்வி காதில் விழுகிறது. கேழ்வரகு விதையிலேயே பூச்சியை எதிர்க்கும் புரதம் இருக்கிறதாமே, தேக்கா சந்தையில் ஒரு பொட்டலம் வாங்கி அரைத்துக் கரைத்துக் கைலான் கீரைச் செடிக்குத் தெளித்தால் என்ன? காசு கொடுத்து பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து செய்யும் பூச்சிக்கொல்லி) மருந்து எதற்கு? நல்ல கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலையைத் தின்னும் புழுவுக்கு பி.டி.; கேழ்வரகின் புரதத்துக்கு உரிய இடம் விதைக்குள்தான்.

கேழ்வரகில் உள்ள அந்தப் புரதம் மிகச் சிறியது. வெறும் 122 அமினோ அமிலங்கள், அவற்றை இறுக்கிப் பிடிக்க 5 கந்தகப் பிணைப்புகள். ஆனால் அது செய்யும் வேலை இரண்டு. ஒரு பக்கத்தால் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியை அடைக்கிறது. மறுபக்கத்தால் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினை அடைக்கிறது. இரண்டு நொதிகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளவும் அதனால் முடியும். மாவுப்புழுவின் அமைலேஸை இது எப்படி அடைக்கிறது என்பது 1998-இல் படிக அமைப்பாகவே வெளியானது. புரதத்தின் தொடக்க நுனி நொதியின் வாய்க்குள் நுழைந்து, மாவுச்சத்து உட்காரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூச்சி வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

இதில் விஷம் எதுவும் இல்லை, பட்டினி போடும் வேலைதான். அதனால் பூச்சி உடனே சாகாது, வளர்ச்சி மந்தமாகும். ஒவ்வொரு வாயிலும் போதுமான அளவு உள்ளே போகவும் வேண்டும். அப்புறம், பூச்சிகளும் சும்மா இருப்பதில்லை. பருத்தியையும் கொண்டைக்கடலையையும் அழிக்கும் காய்ப்புழு, ஒரு நொதி அடைபட்டால், அதை அடைத்த புரதமான தடுப்பானுக்கு மசியாத வேறு நொதியைச் சுரந்து சமாளித்துவிடுகிறது.

பி.டி. வேறு ரகம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தன் உடலுக்குள் புரதப் படிகம் ஒன்றைச் செய்துவைக்கிறது. இலையோடு அதைத் தின்ற புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் படிகம் கரைகிறது. குடல் நொதிகள் அதை வெட்டியதும் வீரியம் பெற்று, குடல் சுவரில் துளை போடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும், சில நாளில் செத்துவிடும். கவனித்தீர்களா, படிகத்தை வெட்டி எழுப்பிவிடுவதே புழுவின் டிரிப்சின் வகை நொதிகள்தான். அதே நொதியை அடைக்கும் கேழ்வரகையும் சேர்த்துக் கலந்தால் இரட்டைப் பலம் என்று கணக்குப் போட முடியாது.

பி.டி.யின் குறைகளையும் சொல்ல வேண்டும். வெயிலில் சில நாளிலேயே வீரியம் போய்விடும். சிங்கப்பூரின் பிற்பகல் மழை இலையைக் கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ போன்றவை சாறு உறிஞ்சுபவை. இலையின் மேலிருக்கும் மருந்து அவற்றின் வயிற்றுக்குப் போகாது. முட்டைக்கோஸ் குடும்பச் செடிகளைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, ஹவாயில் பி.டி. தெளிப்புக்கே எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது 1990-இலேயே பதிவாகியிருக்கிறது. கறிவேப்பிலையில் பி.டி. தெளிக்காதீர்கள் என்பேன். அங்கே பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழுதான் இருக்கும், கையால் எடுத்து எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடியில் விட்டுவிடலாம்.

சரி, நாம் சாப்பிடும் தானியத்திலிருந்து வருவதுதானே பாதுகாப்பானது? இந்த இடத்தில்தான் பலரின் ஊகம் தலைகீழாக இருக்கிறது. கேழ்வரகின் தடுப்பானுக்குப் பூச்சி, மனிதன் என்ற பேதம் அதிகம் இல்லை. பாலூட்டிகளின் கணைய அமைலேஸையும் டிரிப்சினையும்கூட அது அடைக்கிறது. நாம் வேகவைத்தும் முளைகட்டியும் சாப்பிடுவதால் அதன் வேகம் குறைந்துவிடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. புழுக்களுக்கான பி.டி. படிகமோ, ஒட்டிக்கொள்ளத் தோதான ஏற்பி உள்ள குடலில் மட்டும்தான் வேலை செய்யும். குறி தவறாமல் அடிப்பதில் பாக்டீரியாவே முந்துகிறது.

விதைப் புரதத்தின் மரபணுவை வேறு பயிருக்கு மாற்றுவது மூன்றாவது வழி. ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் அமைலேஸ் தடுப்பானைப் பட்டாணியில் வைத்தார்கள். பட்டாணி வண்டைப் பிரமாதமாகத் தடுத்தது. ஆனால் பட்டாணி செய்த புரதத்தில் சர்க்கரை ஒட்டும் விதம் சற்று மாறியிருந்தது. எலிகளிடம் நோயெதிர்ப்பு விளைவு தெரிந்ததாக 2005-இல் ஆய்வு வெளிவந்தது, திட்டம் நின்றது. பின்னால் வந்த ஆய்வு அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கியது. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை உண்டு. ஆனால் கேழ்வரகில் சாதுவாக இருக்கும் புரதம் இன்னொரு செடியிலும் அப்படியே இருக்கும் என்று சோதிக்காமல் யாரும் சொல்லக்கூடாது.

தெளிப்புக் கரைசலுக்கு வருகிறேன். இலையின் மேல் படியும் மாவில் தடுப்பானின் அளவு சொற்பம், மழை வந்தால் அதுவும் போச்சு. போகாமல் ஒட்டிக்கொண்டால், இந்த ஈரப்பதத்தில் மாவில் பூஞ்சைதான் பிடிக்கும்.

வீட்டு டப்பாவில் கதை வேறு. முழுக் கேழ்வரகு வருடக்கணக்கில் கெடாமல் இருப்பதைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம், அது உண்மைதான். பெருமை முழுவதும் புரதத்துக்குப் போகாது: மணி மிகச் சிறியது, அரிசி வண்டு உள்ளே குடியிருந்து வளர இடம் போதாது, தோலில் துவர்ப்புச் சத்தும் உண்டு. அதையே அரைத்துவிட்டால் சிவப்பு மாவு வண்டு வந்துவிடும். புரதத்தைச் செரிக்க அந்த வண்டு பெரிதும் நம்புவது டிரிப்சினை அல்ல, சிஸ்டீன் வகை நொதிகளை. கம்பில் அந்த வகையை அடைக்கும் தடுப்பான் இருக்கிறது, ஆனாலும் கம்பு மாவு எண்ணெய்ச் சத்தால் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும். ஆகவே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் இரண்டையும் முழுத் தானியமாக வாங்கி, வேண்டியபோது கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். மாவாகத்தான் கிடைத்தது என்றால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள்.