சுங்கை சிப்புட் நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ்

2009இல் வாங்கிய நெட்புக், அதாவது சின்ன மடிக்கணினி. இன்டெலின் ஆட்டம் சில்லு, 1 ஜிபி ரேம். "தூக்கிப் போடுங்க அக்கா," என்றார் பசார் பக்கத்துக் கடைக்காரர். மனசு வரவில்லை. டெபியன் 12 லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, பழைய கணினிக்கும் ஏற்ற இயங்குதளமான ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பைப் போட்டேன். பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிடையாது, கனத்த டெஸ்க்டாப்புக்குப் பதில் ஐஸ்டபிள்யூஎம் என்ற இலேசான சாளர மேலாளர். சும்மா இருக்கும்போது மூலையில் கோங்கி என்ற கண்காணிப்பு நிரல் காட்டும் ரேம் பயன்பாடு 180 எம்பிதான்! லிப்ரேஆபிஸ் அலுவலகத் தொகுப்பைக் கழற்றிவிட்டு, பதிவிறக்கி வைத்த நிறுவல் கோப்புகளைத் துடைக்கும் ஆப்ட் கிளீன் கட்டளையும் கொடுத்ததில் டிஸ்கில் அரை ஜிபிக்கு மேல் மிச்சம். டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குத்தாள் தட்ட அபிவேர்ட் என்ற சின்ன எழுத்துச் செயலி போதும். ஆனால் இன்றைய வலைப்பக்கங்கள் 1 ஜிபிக்குள் அடங்குவதில்லை. மூன்றாவது டேப் திறந்தால், செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேடேறுவதுபோல முனகும். அழகா? அதைக் கேட்காதீர்கள். பழைய இயங்குதளத்தைத் துடைக்குமுன் இதை யூஎஸ்பியிலேயே ஓட்டிப் பாருங்கள்.