குவைத்தில் வீட்டுக்காரர், குலசேகரத்தில் வேலை: கூகுளா, மைக்ரோசாஃப்டா, ஜோஹோவா?

குமரி மாவட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் சிறிய அலுவலகங்களின் நிலைமை தனி. பணம் அனுப்பும் வீட்டுக்காரர் பல நேரம் வளைகுடாவில் இருப்பார். இன்ஜினியர் நாகர்கோவிலில், வேலை நடப்பது குலசேகரத்திலோ கருங்கலிலோ. போதாக்குறைக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என இரண்டு மழையையும் கணக்கில் வைத்துத் திட்டம் போட வேண்டும்.

ஆனால் திட்டம் எங்கே இருக்கிறது? எஸ்டிமேட் எக்செல்லில், பிளான் மெயிலில், சைட் படங்கள் வாட்ஸ்அப்பில், சிமெண்ட் இறங்கும் தேதி சூப்பர்வைசரின் நினைவில். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ மூன்றுமே இவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் அலுவலக மென்பொருள் தொகுப்புகள்தான். வசதிப் பட்டியலைப் படித்தால் தலைதான் சுற்றும். நம் வேலைக்கு இரண்டு கேள்விகள் போதும். ஒரு வேலையை ஒருமுறை எழுதினால் அது காலண்டருக்கும் செல்போனுக்கும் தானாக வந்து சேருமா? மழையால் ஒரு தேதி தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் உள்ளவையும் சேர்ந்து தள்ளுமா?

முதல் கேள்வியில் கூகுள்தான் எளிது. வீட்டுக்காரர் "அடுக்களை ஜன்னலை இரண்டடி தள்ளி வையுங்கள்" என்று மெயில் அனுப்பினால், ஜிமெயிலிலிருந்தே அதை டாஸ்க்காக மாற்றலாம். தேதி கொடுத்ததும் கூகுள் காலண்டரில் வந்து நிற்கும், டாஸ்க்கைத் திறந்தால் அந்த மெயிலுக்கே திரும்பிப் போகலாம். யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரும்பாலோர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் ஏற்கெனவே இருக்கிறது.

மைக்ரோசாஃப்டிலும் இந்த இணைப்பு நன்றாகவே உண்டு. மெயில் பார்க்கும் அவுட்லுக்கில் கொடி போட்ட மெயில், டூ டூ (To Do) என்ற வேலைப்பட்டியல் செயலிக்கு வரும். குழுவுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிளானரில் ஒருவர் பெயரில் போட்ட வேலையும் அதே செயலியில் அவருக்குத் தெரியும். சாட், வீடியோ அழைப்புக்கான டீம்ஸுக்குள்ளேயே பிளானரைத் திறக்கலாம். ஆனால் அவுட்லுக், டூ டூ, பிளானர், டீம்ஸ் என எதில் எதைப் பார்ப்பது என்று ஆரம்பத்தில் ஒரு குழப்பம் வரத்தான் செய்யும். நான்கு பேர் உள்ள அலுவலகத்துக்கு அது தேவையில்லாத பாரம் என்பது என் எண்ணம். ஏற்கெனவே 365 சந்தா கட்டி, எஸ்டிமேட், பில், அளவுக் கணக்கு எல்லாவற்றையும் எக்செல்லிலேயே ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் குறை பொருந்தாது. அவர்கள் அங்கேயே இருப்பதுதான் சரி.

நம் ஊரில் பணம் கரைவது இரண்டாவது கேள்வியில்தான்.

மாடி கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456-இன்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் கான்கிரீட்டை குறைந்தது 7 நாள் நனைத்துப் பதப்படுத்த வேண்டும், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள். கான்கிரீட் இறுகும் வரை அதைக் கீழிருந்து தாங்கும் சென்ட்ரிங் முட்டுகளைக் கழற்றுவதற்கும் கணக்கு உண்டு. சாதாரண சிமெண்ட் போட்ட தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். முட்டு எடுக்காமல் கீழே உட்கூரைப் பூச்சு கிடையாது. பூச்சு முடியாமல் பெயிண்டர் வந்து பயனில்லை. அக்டோபர் 3-இல் போட வேண்டிய கான்கிரீட் மழையால் 9-க்குப் போனால், அதை நம்பியிருக்கும் அத்தனை தேதியும் மாறியாக வேண்டும். ஒன்றை மாற்ற மறந்தாலும் பூச்சுக்காரர் வந்து சும்மா திரும்புவார், கூலி போகும்.

இங்கே ஜோஹோவின் திட்டமிடும் செயலியான ஜோஹோ புராஜெக்ட்ஸ் தெளிவாக முந்துகிறது. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது என்று இணைத்து, நடுவில் இத்தனை நாள் இடைவெளி என்றும் கொடுத்துவிடலாம். வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் படத்தில் கான்கிரீட் தேதியை இழுத்தால் பின்னால் உள்ளவை கூடவே நகரும். வீட்டுக்காரரை 'கிளையன்ட்' பயனராகச் சேர்த்து, அவர் பார்க்க வேண்டியதை மட்டும் காட்டலாம். குவைத்தில் இருப்பவருக்கு "வேலை எதுவரை வந்தது?" என்று கேட்காமலே பதில் கிடைப்பது பெரிய நிம்மதி, நமக்கும்தான். குறை என்று பார்த்தால், திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதிகம். மெயில், சாட், கோப்புகள் அடங்கிய ஜோஹோ வொர்க்பிளேஸ் வேறு சந்தா, புராஜெக்ட்ஸ் வேறு சந்தா. சென்னையில் தலைமையகம், தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் என்று நம் பக்கத்து நிறுவனமாக இருப்பது எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் நான் அதைச் சிபாரிசு செய்வது தேதி நகரும் அந்த ஒரு வசதிக்காக.

பிளானரின் அடிப்படைத் திட்டத்தில் வேலைகளை ஒன்றோடொன்று இப்படிப் பிணைக்க முடியாது, அதற்குக் கூடுதல் கட்டணத் திட்டம் வேண்டும். கூகுள் டாஸ்க்ஸிலும் முடியாது. ஆனால் கூகுள் ஷீட்ஸில் ஒரு வழி இருக்கிறது. முட்டு எடுக்கும் தேதியைக் கையால் எழுதாமல், கான்கிரீட் தேதியோடு 14 கூட்டு என்று ஃபார்முலாவாகப் போடுங்கள். மேலே ஒரு கட்டத்தை மாற்றினால் கீழே எல்லாம் மாறும். பதப்படுத்தும் நாட்களில் ஞாயிறும் சேரும், பூச்சு வேலை நாட்களில் சேராது. இரண்டுக்கும் தனித்தனி ஃபார்முலா வேண்டும். எக்செல்லிலும் இதே முறை செல்லும். சிக்கல் என்னவென்றால், ஷீட்டில் மாறிய தேதி காலண்டருக்குத் தானாகப் போகாது.

ஆக, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு வீடு கட்டுகிறவர்களுக்கு கூகுளும் இந்த ஷீட்டும் போதும். இலவசக் கணக்கிலேயே தொடங்கலாம், 15 ஜிபி இடத்தை சைட் படங்கள் நிரப்பும் வரை ஓடும். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து, அதே கொத்தனார், அதே எலக்ட்ரீஷியனை மாற்றி மாற்றி அனுப்பும் நிலை வந்தால் ஜோஹோ புராஜெக்ட்ஸுக்குப் போய்விடுங்கள்.

எதை எடுத்தாலும் சைட்டில் வாட்ஸ்அப் இருக்கும், அதோடு சண்டை போட வேண்டாம். கொத்தனாரை இன்னொரு ஆப் போடச் சொல்வது நியாயமும் இல்லை. மாலையில் சூப்பர்வைசர் ஒருவர் அன்றைய நிலவரத்தைத் திட்டத்தில் ஏற்றினால் போதும். அப்புறம் வீட்டுக்காரரோடு பேசும் நேரம். கூகுள் காலண்டர், அவுட்லுக் இரண்டிலுமே இரண்டாவது நேர மண்டலத்தைப் பக்கத்தில் வைக்கலாம். நமக்கு மாலை 7 மணி என்றால் துபாயில் 5.30, குவைத்தில் 4.30. குவைத்தில் வெள்ளி, சனி வார விடுமுறை, நமக்கு வெள்ளி வேலை நாள். வாராந்திர வீடியோ அழைப்பை வெள்ளி மாலைக்கு வைத்தால் அவர் வீட்டில் ஓய்வாக இருப்பார், மேஸ்திரியும் சைட்டில் இருப்பார், சுவரைக் காட்டியே பேசலாம்.