கிணற்று நீரா, ஆர்.ஓ. நீரா: வீட்டில் பீர் காய்ச்சுவோர் எதை நம்பலாம்?

கிணறு உள்ள வீட்டில் பீர் காய்ச்சுபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. கிணற்று நீரையே கொதிக்கவைத்தோ அமிலம் சேர்த்தோ பக்குவப்படுத்துவது ஒன்று, ஆர்.ஓ. கருவியால் (நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறை) உப்புகளை நீக்கிவிட்டு, வேண்டியவற்றை மட்டும் அளந்து சேர்ப்பது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்தபின் நான் ஆர்.ஓ. நீருக்கு மாறிவிட்டேன். கிணற்று நீருக்குத் தனிச் செலவில்லை, குளோரின் தொல்லையும் பெரும்பாலும் இராது. இருந்தும் என்னை மாற வைத்தது காரத்தன்மை, அதாவது அமிலத்தை முறிக்கும் நீரின் திறன்; பெரும்பாலும் பைகார்பனேட்டால் வருவது.

பலர் கடினத்தன்மையை (நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளை) கண்டே அஞ்சுகிறார்கள். கால்சியமோ மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியம்) உள்ள பாஸ்பேட்டுகளுடன் வினைபுரிந்து, மேஷின் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கலவை) பி.எச். எனும் அமில-கார அளவைக் குறைத்து நமக்கு உதவவே செய்கிறது. அதை எதிர்த்து நிற்பது பைகார்பனேட். மேஷின் பி.எச். 5.2 முதல் 5.6 வரை இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் மால்ட்டின் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவின் கசப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும்.

கொதிக்கவைத்தால் கால்சியம் பைகார்பனேட் வெண்ணிறக் கார்பனேட்டாக அடியில் படியும். தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம். ஆனால் கால்சியமும் அதனுடன் போய்விடும். சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரிலோ இந்த வித்தை பலிக்காது. கடினநீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்துவது இன்னும் மோசம்: அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, காரத்தன்மையைத் தொடுவதே இல்லை.

மிஞ்சுவது அமிலம். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 300 மி.கி. காரத்தன்மை உள்ள 20 லிட்டர் நீரைச் சமன்செய்ய, 88 சதவீத லாக்டிக் அமிலம் ஏறத்தாழ 10 மி.லி. தேவைப்படும்; அவ்வளவு சேர்த்தால் வெளிர்நிற பீரில் அதன் புளிப்பு நாக்கில் தட்டுப்படக்கூடும். மேலும், மழைக்குப் பின்னும் கோடையிலும் கிணற்று நீரின் உப்பளவு மாறக்கூடும் என்பதால், ஒருமுறை எடுத்த ஆய்வறிக்கையை ஆண்டு முழுவதும் நம்ப முடியாது.

ஆர்.ஓ. நீரில் இந்தக் கணக்கு ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்), இரண்டு நீர்மூலக்கூறுகள் கொண்ட கால்சியம் குளோரைடு 1 கிராமும் சேர்த்தால், லிட்டருக்குக் கால்சியம் சுமார் 50 மி.கி., சல்பேட் 56, குளோரைடு 48 எனக் கிடைக்கும். ஹாப்பின் கூர்மை வேண்டுமெனில் ஜிப்சத்தைக் கூட்டலாம்; மால்ட்டின் நிறைவான சுவை வேண்டுமெனில் குளோரைடைக் கூட்டலாம்.

கருநிற பீருக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. வறுத்த மால்ட்டின் அமிலத்தன்மைக்கு ஓரளவு காரத்தன்மை ஈடுகொடுக்கும். அங்கே கிணற்று நீரே போதுமானதாக இருக்கலாம். அவ்வகையை நான் குறைவாகவே காய்ச்சியிருப்பதால் அழுத்திச் சொல்லமாட்டேன்.

ஆர்.ஓ.வுக்கும் பராமரிப்பு உண்டு. கழிவுநீர் கணிசமாக வெளியேறும். இரும்புச்சத்து மிகுந்த நீரானால் முன்வடிகட்டி இல்லாமல் சவ்வு விரைவில் அடைபடும். சவ்வின் நிலையை, நீரில் கரைந்த மொத்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டிவிடும் என்பதால், காய்ச்சும் நாள்தோறும் ஒரு கோப்பை நீரில் அதை வைத்துப் பார்ப்பது போதும். கழிவைக் குறைக்க நினைப்பவர் கிணற்று நீரையும் ஆர்.ஓ. நீரையும் சரிபாதியாகக் கலக்கலாம். காரத்தன்மை ஏறத்தாழ பாதியாகும், அமிலமும் பாதி போதும்.