பேராலய ஆர்கன் இசைப்பதிவு என்று பென் டிரைவ் வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டில் அமர்ந்து பேராலயங்களில் உள்ள, குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பைப் ஆர்கன் என்ற பெரிய கருவியின் இசையைக் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரைக் குறிவைத்து வந்த ஒரு இணைய விளம்பரத்தை நம்பி, கடந்த மாதம் 6,800 ரூபாயை இழந்தேன். பாரிஸின் நோட்ரே டாம், சான் சுல்பீஸ் உள்ளிட்ட பன்னிரண்டு பேராலயங்களில் 2021 இல் நேரடியாகப் பதிவு செய்யப்பட்ட, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்திலான இசை முழுவதும் ஒரே பென் டிரைவில் கிடைக்கும் என்றது விளம்பரம். சான் சுல்பீஸ், ஆயரின் தலைமைக் கோயிலான பேராலயமே அல்ல, அளவில் பெரிய ஒரு பங்குக் கோயில். அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பென் டிரைவ் வந்த அன்றே, எனக்கு மனப்பாடமான, பிரெஞ்சு இசையமைப்பாளர் விடோரின் ஐந்தாம் ஆர்கன் சிம்பொனியில் வரும் டொக்காட்டா என்ற விரைவான பகுதியைப் போட்டுக் கேட்டேன். 1870 முதல் 1933 வரை சான் சுல்பீஸில் ஆர்கன் வாசித்தவர் அவர். என்னிடம் உள்ள பழைய குறுந்தகட்டில் அந்த டொக்காட்டாவின் கடைசிப் பக்கம் ஒலிக்கும்போது, அடி ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரின் அதிர்வில் எங்கள் கண்ணாடி அலமாரியில் உள்ள டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பெரிய ஆர்கன்களில் உள்ள 32 அடிக் குழாயின் அடிச் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 16 அதிர்வுகளே கொண்டது என்பதால், அதைக் காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வதே அதிகம். புதிய பதிவில் டம்ளர் ஒன்றுகூட அசையவில்லை.

அடுத்து, முடிவு. கல்லால் கட்டிய இவ்வளவு பெரிய கட்டடத்தில் வாசிப்பவர் கையை எடுத்த பிறகும் கடைசி நாதம் பல விநாடிகள் கூரையடியில் சுழன்று மெல்ல அடங்கும். என்னைக் கேட்டால், பேராலயப் பதிவை வாங்குவதே அந்த அடங்கலுக்காகத்தான். இதிலோ ஒவ்வொரு கோப்பிலும் வாசிப்பு நின்ற இரண்டாம் விநாடியிலேயே ஒலியைக் குறைத்து முடித்துவிட்டிருந்தார்கள். விளம்பரத்தில் கேட்கக் கொடுத்திருந்த மாதிரிகள் எல்லாம் முதல் ஒரு நிமிடத் துண்டுகளாகவே இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

சந்தேகம் வந்த பின், கோப்புகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, எந்தெந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைவரிசைப் படத்தைப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் நறுக்கியதுபோல் வெறுமை. குறைந்த தரத்து எம்பி3 கோப்புகளில் காணும் அதே வெட்டு. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றுபவர்கள் தட்டுச்சுழலியின் உறுமலை நீக்க இப்படி அடி ஒலியை வெட்டுவது உண்டு. ஆக, எங்கோ கிடைத்த எம்பி3 கோப்பைப் பெரிய கோப்பாக ஊதிப் பெருக்கி, உயர்தரம் என்று பெயர் ஒட்டியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. இதைவிடக் கொடுமை, நோட்ரே டாம் என்ற பெயரில் இருந்த டொக்காட்டாவும் சான் சுல்பீஸ் என்ற பெயரில் இருந்த டொக்காட்டாவும் ஒரே பதிவு: இரண்டிலும் மூன்றாம் நிமிடத்தில், ஒரே இடத்தில், யாரோ ஒருவர் இருமுகிறார்.

உண்மையில் இவ்வளவு ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது. நோட்ரே டாம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்தது. ஆர்கன் கட்டுநர் கவாயே கோல் 1868 இல் புதுப்பித்துக் கட்டிய அதன் பெரிய ஆர்கன் எரியாமல் தப்பினாலும், ஏறத்தாழ 8,000 குழாய்கள் கொண்ட அந்தக் கருவியின் மேல் ஈயத்தூசி படிந்ததால், 2020 இல் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வெளியே அனுப்பினார்கள். பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது 2024 டிசம்பரில்தான். 2021 இல் அங்கே யாரும் அந்த ஆர்கனை வாசித்திருக்கவே முடியாது. இது எனக்கு முன்பே தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

விற்பனையாளருக்கு இவற்றையெல்லாம் படங்களுடன் எழுதினேன். “உங்கள் ஸ்பீக்கரில்தான் கோளாறு” என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை. வங்கியில் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் ஏதேனும் ஓர் இசைப்பதிவின் கடைசி முப்பது விநாடியை அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகே பணம் செலுத்துங்கள். ஆண்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம்: நேற்று பார்த்தபோது அதே விளம்பரம் அப்படியே இருந்தது, 2021 மட்டும் 2018 ஆகியிருந்தது.