குதிரை தள்ளிய பிறகு: வைத்துப் பழக்குவதா, பழக்கத் தருவதா, விற்பதா?

பொள்ளாச்சிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிப் போகும் தென்னந்தோப்புப் பாதை. காலை ஏழு மணி. என் குதிரை செவலைக்கு அப்போது நாலு வயது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலி போட்ட களத்துக்குள் தினமும் ஏறியிருக்கிறேன். வெளியே கூட்டிப்போனது அன்றைக்கு மூன்றாவது தடவை. எங்களுக்கு நேர் பின்னால் ஒரு காய்ந்த மட்டை விழுந்தது. தோப்பிலேயே வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் காதில்கூட ஏறாது. செவலைக்கு அது புலி.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். தெரியாத கொஞ்ச இடத்தில் முக்கியமானது வாலுக்கு நேர் பின்னால். அங்கே 'தொப்'பென்று ஏதாவது விழுந்தால் முதலில் ஓடிவிட்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்க்கும். அது பிறவிக் குணம். செவலை உதைக்கவில்லை, எகிறவில்லை. ஒரே வீச்சில் பக்கவாட்டில் ஆறடி நகர்ந்து, அடுத்த நொடி பாய்ந்துவிட்டது. சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியிலிருந்து இடது கால் கழன்றது நினைவிருக்கிறது. தோள் முதலில் பட்டது, பிறகு ஹெல்மெட்டின் பின்பக்கம். நிமிர்ந்து பார்த்தபோது ஐம்பதடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு விடைத்து, விலா இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

இளங்கன்று பயமறியாது என்போம். குதிரை விஷயத்தில் அது தலைகீழ். குட்டிக்குப் பயம் பிறப்பிலேயே இருக்கிறது, தைரியம்தான் வயது ஏற ஏற வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டும்.

முதல் முடிவு அந்த இடத்திலேயே வந்தது: உடனே ஏறுவதா, நடத்திக் கூட்டிப்போவதா? விழுந்த கையோடு ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் 'தள்ளிவிட்டால் வேலை முடிந்தது' என்று குதிரை படித்துக்கொள்ளும் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. எந்தத் தொல்லை எப்போது நிற்கிறது என்பதை வைத்துத்தான் குதிரை கற்கிறது. முரண்டு பிடித்துத் தள்ளிய குதிரையை அப்படியே லாயத்துக்கு ஓட்டிப் போய்க் கொள்ளு வைத்தால் அது சரியான பாடம் இல்லை. ஆனால் செவலை முரண்டு பிடிக்கவில்லை, மிரண்டது. மிரண்ட குதிரைக்கு வேண்டியது தணிவு. அது முதுகில் ஆள் இருந்தாலும் கிடைக்கும், பக்கத்தில் ஆள் நடந்தாலும் கிடைக்கும்.

லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் டிவிஎஸ்ஸில் பின்னால் வந்துகொண்டிருந்தார். கிண்டியில் ரேஸ் குதிரைகளோடு பல வருடம் இருந்தவர். நான் அங்கவடியில் கால் வைக்கப் போனேன்.

"அம்மிணி, இரு. தலை சுத்துதா? இன்னைக்கு என்ன கெழமன்னு சொல்லு."

"புதன்ங்கய்யா."

"நேத்துதான் புதன். ஏறாத, நட. குதிர நாளைக்கும் இருக்கும்."

அன்றைக்கு அவர் தடுத்தது எவ்வளவு பெரிய உதவி என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. லேசான மூளை அதிர்ச்சி. அந்த நிலையில் இன்னொரு தடவை தலை அடிபட்டால் விளைவு பல மடங்காகும். அதனால் என் கணக்கு இதுதான்: தலையில் அடி பட்டிருந்தாலோ, எங்காவது மரத்துப்போயிருந்தாலோ, அன்றைக்கு ஏறுவது என்ற பேச்சே கிடையாது. அடி எதுவும் இல்லை, குதிரையும் அடங்கிவிட்டது என்றால் ஏறி பத்தடி நடத்தி, நிறுத்தி, அமைதியாக இறங்கலாம். நடத்திக் கூட்டிப்போனாலும் குதிரை கெட்டுவிடாது. நாங்கள் திரும்பும் வழியில் அதே மட்டைக்குப் பக்கத்தில் நின்றோம். செவலை நாலு தடவை பின்வாங்கி, ஐந்தாவது தடவை மோந்து பார்த்தது. அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

சிராய்ப்பு இருந்தால் டெட்டனஸ் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குதிரைச் சாணமும் லாயத்து மண்ணும் அந்தக் கிருமி குடியிருக்கும் இடம். அடிபட்ட ஹெல்மெட்டையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடிக்குத்தான், வெளியே கீறல் இல்லாவிட்டாலும். பைக் ஹெல்மெட் இதற்கு மாற்று ஆகாது.

அதற்கடுத்த இரண்டு வாரம், பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மொத்தத்தில் மூன்று.

நீயே வைத்துப் பழக்கு

என் மனம் இதில்தான் இருந்தது. மாதச் செலவு கூடாது, குதிரைக்கும் நமக்கும் ஒட்டுதல் வளரும், ஆள் மாறும் குழப்பம் இல்லை. பொறுமையும் தினம் ஒரு மணி நேரமும் இருந்தால் தரையில் நின்றே நிறையச் செய்யலாம். நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டுவது, தார்ப்பாய்மேல் நடக்க வைப்பது, சாக்கை முதுகில் உரசுவது, தலையை ஒரு பக்கம் மடக்கி நிற்கப் பழக்குவது எல்லாம் இதில் சேரும். கடைசியில் சொன்னது உயிர் காக்கும் வித்தை. ஒரு பக்கக் கடிவாள வாரை மட்டும் இழுத்துக் கழுத்தை மடக்கினால் பின்னங்கால் விலகி, ஓட்டத்தின் வேகம் உடையும். ஆனால் வாய்க்கால் கரை மாதிரிக் குறுகலான இடத்தில், பாய்ச்சலில் இருக்கும்போது சட்டென்று மடக்கினால் குதிரையே சரிந்துவிடலாம். இந்த இடத்தில் இப்படி, அந்த இடத்தில் அப்படி என்று அரை நொடியில் முடிவெடுக்கத் தெரிந்தவர்தான் இளங்குதிரையில் வெளியே போக வேண்டும். எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை. குதிரைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றால் அந்தப் பாதையில் தெரிந்தவர் யாருமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. குதிரையின் முதுகெலும்பில் வளரும் பகுதிகள் கடைசியாகத்தான் இறுகும், ஐந்தரை ஆறு வயது ஆகிவிடும். நாலு வயதில் பெரியதாகத் தெரிந்தாலும் மூன்று மணி நேரச் சவாரிக்கு அது தயாரில்லை. வலித்தால் அதனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது, முதுகைத்தான் குலுக்கும். விழுந்த பிறகு சேணத்தைக் கழற்றி, முதுகை விரலால் அழுத்திப் பாருங்கள். சேணம் சரியாக உட்காராததையும், கொழுப்பேறத் தீனி போட்டு நாள் முழுக்கக் கட்டி வைத்ததையும் பலர் 'கெட்ட புத்தி' என்று குதிரைமேல் எழுதிவிடுகிறார்கள். இது எனக்குப் பொறுக்காத விஷயம்.

பழக்குபவரிடம் விடு

மூன்று மாதம் விட்டால் மாறி வரும் என்றார்கள். மாறும்தான். ஆனால் யாரிடம்? எங்கள் பக்கம் குதிரை பழக்குபவர் என்று விசாரித்தால் பாதிப் பேர் ஆட்டக் குதிரை பழக்குபவர்கள். தாளத்துக்குக் கால் தூக்க வைப்பது வேறு, மட்டை விழும் பாதையில் தலையைத் தாழ்த்தி நடக்க வைப்பது வேறு. நான் பார்க்கப் போன ஓரிடத்தில் முள் வைத்த கடிவாளம் ஆணியில் தொங்கியது. இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அது தடை செய்யப்பட்டது. அப்படியே திரும்பிவிட்டேன். வாயில் வலி வைத்து நிறுத்தப்பட்ட குதிரை நிற்கும், ஆனால் மனம் தணியாது.

நல்லவர் கிடைத்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. குதிரை அவருடைய கைக்கும் காலுக்கும் பழகி வரும், நாம் பழைய ஆளாகவே இருப்போம். அதனால் கடைசி மாதம் நீங்களும் அங்கே போய், அவர் முன்னால் ஏறி இறங்கிப் பழக முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். முடியாது என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

விற்றுவிட்டு மூத்த குதிரை வாங்கு

அத்தை இதைத்தான் சொன்னார். 'குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று பழமொழி வேறு. கேட்கவே கசந்தது. ஆனால் நேர்மையாகப் பார்த்தால், கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குப் பாதையில் பாதுகாப்பைத் தருவது இதுதான். பன்னிரண்டு, பதினாலு வயதுக் குதிரை லாரி, மயில், நீலத் தார்ப்பாய், நாய் எல்லாம் பார்த்து முடித்திருக்கும். குதிரை இருபத்தைந்து வருடம் வரைகூட வாழும் பிராணி. பன்னிரண்டு என்பது கிழடு இல்லை.

வாங்கும்போது மோசம் போக வழி நிறைய. பல்லைப் பாருங்கள். முன்பற்களில் நடுவில் உள்ளவை இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தில் உள்ளவை நாலரையிலும் மாறும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்கப்புறம் தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல வேண்டும், அனுபவஸ்தரும் தவறுவார். மூட்டு நோவு தெரியாமலிருக்க வலி ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம். சந்தையில் ஒரு தடவை பார்த்தால் போதாது, சில நாள் கழித்துச் சொல்லாமல் போய் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள், கால்நடை மருத்துவரோடு.

ரேஸ் ஓய்வுக் குதிரையை இந்த வகையில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் அதுவும் ஐந்தாறு வயதுதான். ஓடத் தெரியும், தோப்புப் பாதை தெரியாது.

நான் என்ன செய்தேன்? வீட்டில் பேசி, ஒரு மூத்த குதிரையைச் சேர்த்தோம். கருப்பன், பதின்மூன்று வயது, காயடித்தது. முதல் இரண்டு மாதம் கருப்பன்மேல் நான், பக்கத்தில் கயிற்றில் சேணமில்லாத செவலை. பெரியவர் சொன்ன யோசனை இது. மட்டை விழுந்தால் கருப்பனின் ஒரு காது மட்டும் திரும்பும். செவலை துள்ளிவிட்டு, அவன் நகராததைப் பார்த்து நிற்கும். பார்த்துப் பார்த்து அது கற்றதை நான் ஒரு வருடம் முயன்றாலும் கற்றுக் கொடுத்திருக்க மாட்டேன்.

இரண்டு குதிரைக்குத் தீனி போடுவது எல்லோருக்கும் ஆகாது, தெரியும். ஒன்றுதான் முடியும், சவாரி படித்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது என்றால், என் ஓட்டு அத்தை சொன்ன வழிக்கே. பல வருடம் ஏறியவர், பக்கத்தில் ஒரு பெரியவரும் இருக்கிறார் என்றால் வைத்துப் பழக்குங்கள். பழக்கத் தருவது, நீங்களும் கூடப் போய்ப் பழக முடிந்தால் மட்டும்.

விற்பதென்று முடிவானால் ஒன்றே ஒன்று: கோபத்தில், கிடைத்த விலைக்கு, முதலில் வந்தவரிடம் கொடுத்துவிடாதீர்கள். 'தள்ளுகிற குதிரை' என்று பெயர் வாங்கிய குதிரை கைமாறிக்கொண்டே போய், ஏரிக்கரை சவாரியிலோ கல்யாண ஊர்வலத்துப் பட்டாசுக்கு நடுவிலோ போய் நிற்கும். எப்போது, எங்கே, எதற்கு மிரண்டது, நீங்கள் எப்படி விழுந்தீர்கள் என்பதை வாங்குபவரிடம் முழுசாகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, "மட்டை எந்தப் பக்கம் விழுந்தது?" என்று திருப்பிக் கேட்கிறவரிடம் கயிற்றைக் கொடுக்கலாம்.