உச்சியில் மறையும் அம்பு: ஃபெட் வழங்கும் எறிபொருள் இயக்க சிமுலேஷன்

சாய்வாக மேல்நோக்கி எறியப்பட்ட பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் திசைவேகம் எவ்வளவு என்று கேட்டால், இயற்பியலைப் புதிதாகப் படிப்பவர்களில் பலர் 'சுழி' என்றே விடை சொல்வார்கள். அந்த விடையைத் திருத்துவதற்காக நான் எத்தனையோ முறை கரும்பலகையில் பரவளையம் வரைந்து, அதன்மேல் அம்புக்குறிகளை இட்டு விளக்கியிருக்கிறேன். ஆனால் பலகையில் வரைந்த அம்பு அசைவதில்லை; ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்திற்கு எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்பதை மாணவர் தம் கற்பனையில்தான் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் கருவியாகவே ஃபெட் சிமுலேஷனை, அதாவது கணினித் திரையில் இயக்கத்தை நிகழ்த்திக் காட்டும் மாதிரியை, நான் மதிக்கிறேன்.

2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் ஃபெட். இதன் சிமுலேஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இணைய உலாவியிலேயே இயங்குகின்றன. எறிபொருள் இயக்கத்திற்கான சிமுலேஷனில் அறிமுகம், வெக்டர்கள் (அளவோடு திசையும் உடையவை), இழுவை, ஆய்வகம் என நான்கு பகுதிகள் உள்ளன.

இவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது வெக்டர்கள் பகுதி. காற்றுத்தடையை நீக்கிவிட்டு, பீரங்கியைத் தரைமட்டத்தில் வைத்து, எறிகோணத்தை 60 டிகிரியாகவும் தொடக்க வேகத்தை விநாடிக்கு 15 மீட்டராகவும் அமைத்து, திசைவேகத்தின் கிடைத்தள, செங்குத்துக் கூறுகளைத் தனித்தனி அம்புகளாகக் காட்டும்படி தேர்ந்தெடுத்து, மெதுவான ஓட்டத்தில் சுட்டுப் பாருங்கள். செங்குத்து அம்பு சிறுகச் சிறுகக் குறுகி, ஏறத்தாழ 8.6 மீட்டர் உயரத்தில் மறைந்து, பிறகு கீழ்நோக்கி நீளத் தொடங்குகிறது. கிடைத்தள அம்போ தொடக்கத்தில் இருந்த அதே நீளத்துடன், விநாடிக்கு 7.5 மீட்டர் என்ற மதிப்பைத் தாங்கி, பந்துடன் கூடவே போகிறது. முடுக்கத்தின் அம்பையும் சேர்த்துக் காட்டச் சொன்னால், உச்சியிலும் அது கீழ்நோக்கி மாறாமல் நிற்பது தெரியும். உச்சியில் சுழியாவது ஒரு கூறு மட்டுமே, முழுத் திசைவேகம் அன்று என்ற உண்மை இப்படிக் கண்ணால் காணும்போது மனத்தில் பதிவதைப் போல வேறெப்படியும் பதிந்து நான் கண்டதில்லை.

எறிந்த இடத்திலிருந்து விழும் இடம்வரையிலான தொலைவான கிடைத்தள நெடுக்கம் பற்றிய பாடத்திற்கும் இது நன்றாக உதவுகிறது. அதே வேகத்தில் 30 டிகிரியிலும் 60 டிகிரியிலும் சுட்டால் குண்டு ஏறத்தாழ 19.9 மீட்டர் தொலைவில் ஒரே இடத்தில் விழுகிறது. ஆனால் பறக்கும் நேரம் முதலாவதில் 1.53 விநாடி, இரண்டாவதில் 2.65 விநாடி. நகர்த்தக்கூடிய அளவுகருவியைப் பாதையின் புள்ளிகள்மேல் வைத்தால் நேரம், தொலைவு, உயரம் மூன்றையும் படித்துக்கொள்ளலாம். அடுத்து பீரங்கியை 10 மீட்டர் உயர்த்திவிட்டு, '45 டிகிரியில்தான் மிகுதியான நெடுக்கம்' என்று மனப்பாடம் செய்தவரிடம் கொடுங்கள். 45 டிகிரியில் 30.5 மீட்டர் செல்லும் குண்டு, 35 டிகிரியில் 31.4 மீட்டர் செல்கிறது. எறியும் மட்டமும் விழும் மட்டமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்த விதி செல்லும் என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்கிறார்.

காற்றுத்தடை இல்லாதபோது பியானோவும் கோல்ஃப் பந்தும் ஒரே பாதையில் செல்வதை அறிமுகப் பகுதியில் காணலாம்; நிறையின் பங்கு பற்றிய குழப்பத்திற்கு அதுவே போதுமானது.

திசையுடைய வெக்டர், திசையற்ற ஸ்கேலர் ஆகியவற்றின் வேறுபாடே இன்னும் பிடிபடாதவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம். ஃபெட்டிலேயே வெக்டர் கூட்டலுக்கெனத் தனி சிமுலேஷன் உள்ளது. அதில் 3 அலகு நீளமுள்ள அம்பை வலப்புறமும் 4 அலகு நீளமுள்ள அம்பை மேல்நோக்கியும் வைத்தால் கூடுதல் 7 அன்று, 5 என்று காட்டும். இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பினால் 7 ஆகும். நிறையையோ நேரத்தையோ கூட்டும்போது இப்படித் திசை குறுக்கிடுவதில்லை என்பதை அங்கேயே சொல்லிவிட்டால், வேகத்திற்கும் திசைவேகத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவது எளிதாகிறது.

எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. அளவுகருவி எல்லா மதிப்புகளையும் உடனே தந்துவிடுவதால், கணக்கிடாமலேயே விடையைப் படித்துக்கொண்டு நகர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால் ஈர்ப்பு முடுக்கத்தை எதிர்க்குறியுடன் எழுத வேண்டும் என்ற ஒழுங்கும் தாளில் கணக்குப் போட்டால்தான் கைவரும். மாணவர்கள் மிகுதியாகத் தவறுவதும் அந்தக் குறியில்தான். ஆகவே, சுடுவதற்கு முன் பறக்கும் நேரத்தையும் நெடுக்கத்தையும் தாளில் கணக்கிட்டு எழுதச் சொல்லி, இலக்கை அந்தத் தொலைவில் வைத்த பிறகே பொத்தானை அழுத்த நான் அனுமதிக்கிறேன்.

இவ்வளவும் தேறியவர் காற்றுத்தடையைச் சேர்த்து, உச்சிப் புள்ளியை மறுபடியும் ஒருமுறை மெதுவாகக் கவனிக்கலாம். இம்முறை முடுக்கத்தின் அம்பு நேர் கீழாக நிற்பதில்லை, பந்து வந்த திசையை நோக்கிச் சற்றே பின்சாய்ந்திருக்கும். அதற்குக் காரணம் கேட்பதே நான் வைக்கும் கடைசிக் கேள்வி.